கிடை ஆடுகளையும் கொல்லையையும் நேரில் பார்த்து வரைதல்: மாசி, பங்குனி அனுபவங்கள்

உப்பூர்க்கொல்லை | மாசி 8, இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து வைக்கோலைப் படப்பாக அடைந்த பிறகு, எங்கள் வயலில் ஆண்டுதோறும் கிடை அமர்த்துகிறோம், அதாவது ஆட்டு மந்தையை உரத்துக்காக வயலிலேயே தங்க வைக்கிறோம். இவ்வாண்டும் நேற்று முன்தினம் கிடை வந்து இறங்கியிருக்கிறது. ஏறத்தாழ முந்நூறு செம்மறிகளும் அவற்றோடு சில வெள்ளாடுகளும் இருக்கின்றன. ஒரு வாரத்துக்குக் குறையாமல் இங்கே இருக்கும் என்று மந்தைக்குத் தலைவரான கீதாரி சொல்லியிருக்கிறார்.

மேலைநாட்டு ஓவியப் பயிற்சி நூல்களில், வசந்தம் பிறந்ததும் பண்ணை விலங்குகளையும் தோட்டத்தையும் வரையக் கிளம்புங்கள் என்று எழுதியிருப்பார்கள். நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் சித்திரையில் நம் கரையில் காலை பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க இயலாது. வாடைக்காற்று தணிந்து, பனி இன்னும் முழுமையாக விலகாமல், வயல் திறந்து கிடக்க, முருங்கையும் வேம்பும் அடுத்தடுத்துப் பூக்கத் தொடங்கும் மாசியும் பங்குனியும்தான் இங்கே வெளியில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு உரிய காலம் என்பது என் எண்ணம். அந்தக் காலம் மிகக் குறுகியது. அதனால்தான் இதைக் கேட்க அவசரப்படுகிறேன்.

மூன்று ஆண்டுகளாக நேரில் பார்த்து வரைந்து பழகுகிறேன். மரம், கிணறு, ஓலை வேலி ஆகியவை ஓரளவுக்கு வசப்பட்டுவிட்டன. ஆடுகள் மட்டும் வசப்படவில்லை. முதுகுக் கோட்டை இழுத்து முடிப்பதற்குள் ஆடு திரும்பிவிடுகிறது. மீதியை நினைவிலிருந்து நிரப்பினால், மேசைக்குக் கால் பொருத்தியது போல விறைத்து நிற்கிறது. பின்னங்கால்கள் எப்படி வளைகின்றன என்பது எனக்கு இன்னும் பிடிபடவே இல்லை. கோழிகளின் நிலையும் இதுவேதான். நகர்ந்துகொண்டே இருக்கும் உயிர்களை வரைகிறவர்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்று விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். கிடை கிளம்புவதற்குள் முயன்று பார்க்க விரும்புகிறேன்.

கீழக்கரைத்தெரு | மாசி 8, இரவு 9.40

கைப்பேசியில் பத்துப் பதினைந்து படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் அமைதியாக உட்கார்ந்து வரையலாமே. நான் அப்படித்தான் செய்கிறேன். ஆடு நகராது, வெயிலும் இல்லை, வேண்டிய பகுதியைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். நேரில்தான் வரைய வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை.

தொழுவத்துநிழல் | மாசி 9, காலை 6.05

உப்பூர்க்கொல்லை அம்மா அவர்களுக்கு, நான் கால்நடை மருத்துவத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓவியம் முறையாகக் கற்றவன் அல்லன். ஆனால் விலங்கின் உடலைக் கையால் தொட்டு அறிந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம்.

முதலில் பின்னங்கால். ஆட்டின் பின்னங்காலில் பின்புறமாகத் துருத்திக்கொண்டு தெரியும் மூட்டை, முழங்கால் தவறான திசையில் மடங்கியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது முழங்கால் அன்று, குதிகால். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டித் தோல் மடிப்புக்குள் பாதி மறைந்திருக்கிறது. அது நம் முழங்காலைப் போலவே முன்னோக்கித்தான் மடங்குகிறது. ஆடு குதிகாலைத் தரையில் ஊன்றாமல் இரண்டு விரல்களின் நுனியில் நிற்கிறது. அந்த விரல் நுனிகளின் நகமே குளம்பு. நீங்கள் நுனிக்காலில் நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, உங்கள் காலைத் தொட்டுப் பாருங்கள். அதன்பின் ஆட்டின் காலைப் பார்த்தால் ஒவ்வொரு வளைவும் இன்னதென்று புரிந்துவிடும். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் மணிக்கட்டு. கோழிக்கும் இதுவேதான்: செதில் தொடங்கும் இடத்துக்கு அருகில் பின்னோக்கி மடங்கும் மூட்டு குதிகால், முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

அடுத்து, ஆடு மாடுகளுக்குக் காறை எலும்பு, அதாவது நமக்குக் கழுத்தின் கீழே தோள் வரை ஓடும் எலும்பு, கிடையாது. முன்னங்கால்கள் எலும்பால் மார்புக்கூட்டோடு இணைக்கப்படவில்லை. தசைகளே ஒரு தூளி போல உடலை இரு கால்களுக்கும் நடுவில் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஆகவே ஆடு தலையைத் தாழ்த்தி மேயும்போது தோள்பட்டையின் மேல் நுனிகள் முதுகுக் கோட்டுக்கு மேலே எழுந்து தெரியும். முதுகை அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக வரைந்தால் உயிர் போய்விடுவது இதனால்தான்.

மூன்றாவதாக, வயிறு. அசை போடும் விலங்குகளின் பெரிய இரைப்பை இடப்பக்கத்தில் இருக்கிறது. காலையில் பசியோடு நிற்கும் ஆட்டின் இடப்பக்கத்தில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு குழி தெரியும். மாலையில் மேய்ந்து திரும்பும்போது அதே இடம் நிரம்பிப் புடைத்திருக்கும். கிடைக்காரர்கள் அந்த ஒரு குழியைப் பார்த்தே அன்றைய மேய்ச்சல் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார்கள். நீங்களும் அதைப் பார்த்து வரைந்தால், உங்கள் படம் காலை ஆடா மாலை ஆடா என்பது விவரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

படுத்த ஆடு எழும்போது பின்பகுதிதான் முதலில் எழும். முன்னங்கால்கள் ஒரு கணம் மண்டியிட்டபடியே இருக்கும். மாட்டுக்கும் இப்படியே. குதிரைக்கு இது நேர்மாறு, முன்னங்கால்களை ஊன்றித்தான் எழும். எந்த வரிசையில் எழும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

கீழக்கரைத்தெரு தம்பிக்கு ஒரு சொல். படம் எடுத்து வரைவதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியை ஆட்டுக்கு மிக அருகில் கொண்டுபோய் எடுத்தால், அந்த வில்லை முன்னால் இருப்பதைப் பெருக்கியும் பின்னால் இருப்பதைச் சுருக்கியும் காட்டும். முகம் பெருத்து உடல் சிறுத்த ஆடுகளைப் பல படங்களில் பார்க்கிறேன். அவற்றை அப்படியே பார்த்து வரைந்தால் பிழையும் சேர்ந்து வந்துவிடும். எட்ட நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது.

உப்பூர்க்கொல்லை | மாசி 10, இரவு 7.50

ஐயா, மிக்க நன்றி. தாங்கள் சொன்னபடி நுனிக்காலில் நின்று என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேற்று மாலையும் இன்று மாலையும் கிடைக்குப் போயிருந்தேன். நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வயலின் வடகிழக்கு மூலையில் ஓர் உடைமரம் குடை விரித்தது போல நிற்கிறது. அதன் அடியில் மேய்ச்சலுக்குப் போகாமல் ஒரு சினை வெள்ளாடு படுத்திருந்தது. கன்னங்கரிய உடல், நெற்றியிலிருந்து மூக்கின் இரு பக்கமும் இறங்கும் இரண்டு வெண்கோடுகள். பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். எதையும் வரையாமல் முதல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அசை போடும்போது கீழ்த்தாடை மேலும் கீழுமாக அசையவில்லை. பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழன்றது. பிறகு தாடை நின்றது. கழுத்தில் ஏதோ கீழே இறங்கியது. ஓரிரு நொடிகள் ஆடு எங்கோ நினைவாக இருப்பது போலத் தோன்றியது. உடனே தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வந்தது. தாடை மறுபடியும் சுழலத் தொடங்கியது. இது தவறாமல் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. அந்த நிறுத்தத்தின்போது காது சற்றுப் பின்னால் போகும், கண் பாதி மூடும். நான்காம் முறை அது நிகழ்ந்தபோது, அடுத்த நிறுத்தம் எப்போது வரும் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அப்போதுதான் பென்சிலை எடுத்தேன்.

இதுவரை என் கை வேகமில்லாத கை என்று எண்ணிக் கவலைப்பட்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது தெரியாததால்தான் ஒவ்வொரு அசைவும் எனக்கு முந்திக்கொண்டு போயிருக்கிறது. ஒரே ஆட்டை இரண்டு மாலைகள் பார்த்த பிறகு, அது எனக்காக நின்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விட்ட இடத்துக்கு மறுபடியும் வந்தது. ஒரே தாளில் ஆறு உருவங்களைத் தொடங்கி வைத்தேன்: படுத்தது, கழுத்தைத் திருப்பி முதுகைச் சொறிந்தது, எழுவதற்கு முன் மண்டியிட்டது என்று. ஆடு நிலை மாறியதும் அந்த உருவத்தை அரைகுறையாகவே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். பழைய நிலைக்குத் திரும்பியதும் நானும் அந்த உருவத்துக்குத் திரும்பினேன். ஆறில் நான்கு முடிந்தன.

கண்ணைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். ஆட்டின் கண்மணி கிடைமட்டமான கோடாக இருக்கிறது. தலையைத் தாழ்த்தி மண்ணை முகரும்போதும் அந்தக் கோடு சாயாமல் தரைக்கு இணையாகவே நின்றதாகத் தோன்றியது. இது என் மயக்கமா, உண்மையா?

தொழுவத்துநிழல் | மாசி 10, இரவு 8.30

முற்றிலும் உண்மை. தலையைத் தாழ்த்தும்போது கண்விழி குழிக்குள்ளேயே சுழன்று, அந்தக் கோட்டைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்கிறது. மேயும்போதும் சுற்றிலும் வருவதைக் காண அது உதவுகிறது. தலையோடு சேர்த்துக் கண்மணியையும் சாய்த்து வரைவது பலரும் செய்யும் பிழை. தாங்கள் அதைக் கவனித்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.

மேட்டுப்பனை | மாசி 11, பிற்பகல் 2.20

அக்காவுக்கு வணக்கம். நான் சாயல்குடிப் பக்கம். கோழி வரைவதைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோழி நடக்கும்போது தலை ஆடிக்கொண்டே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒவ்வோர் அடிக்கும் தலை ஒரு கணம் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்கிறது. உடல் மட்டும் முன்னேறுகிறது. பிறகு தலை சட்டென்று முன்னே பாய்ந்து மறுபடியும் நிற்கிறது. தலையைப் பிடிக்க வேண்டிய நேரம் அந்த நிற்கும் கணம்தான். நான் முதலில் கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்து, அலகுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்வேன். அதிலிருந்து கழுத்து, முதுகு, வால் ஆகிய மூன்றும் படகின் அடிப்பகுதி போல ஒரே வளைவாக வந்துவிடும். தூக்கிய காலின் விரல்கள் விரிந்திருக்காது, மொட்டுப் போலக் கூம்பியிருக்கும். ஊன்றிய காலில்தான் முன்னே மூன்றும் பின்னே ஒன்றுமாக விரியும். இரண்டு கால்களையும் ஒரே மாதிரி விரித்து வரைந்தால் கோழி நடக்காது.

எங்கள் வீட்டில் அடைகாத்துக் குஞ்சு பொரித்த கோழி ஒன்றைக் குஞ்சுகளோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். பஞ்சாரத்தின் மூங்கில் பின்னலுக்கு ஊடாகத் தெரியும் கோழியை வரைவது கடினம் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகுதான் அது எளிது என்று தெரிந்தது. பின்னல் கட்டம் கட்டமாக இருப்பதால், எந்தக் கட்டத்தில் கொண்டை, எந்தக் கட்டத்தில் வால் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தாய்க்கோழி சிறகைச் சற்றே தளர்த்தி உட்கார்ந்ததும் அதன் அடியில் இரண்டு மூன்று அலகுகள் மட்டும் தெரியும். அந்த நேரத்தில் அது நெடுநேரம் அசையாது.

கொல்லைச் செடிகளைப் பற்றியும் யாராவது எழுதினால் நலம். செடி நிற்கிறது என்று நினைத்து உட்கார்ந்தால், அதுவும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

பதியன்தோட்டம் | மாசி 12, காலை 10.10

தம்பி மேட்டுப்பனை கேட்டதற்காக எழுதுகிறேன். நாங்கள் தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன் போட்டு விற்கிறவர்கள். பதியனுக்குத் தண்ணீர் விட்டு முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தில் தோட்டத்தை வரைவது என் வழக்கம்.

செடி அசையாது என்பது தவறு. தம்பி சொன்னது சரி. தோட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் மறுநாள்தான். பூசணிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறும்போதே கூம்பிவிடும். அதை வரைய வேண்டுமென்றால் ஆறரை மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் நிமிர்ந்து நிற்கும். பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருக்கும். இரண்டையும் அருகருகே ஒரே தாளில் வரைந்து வைத்தால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் உதவும். பூவரசம்பூ காலையில் வெளிர்மஞ்சளாக, நடுவில் அரக்கு நிறத்தோடு இருக்கும். மாலைக்குள் முழுதும் சிவந்து ஊதா கலந்து வாடிவிடும். மல்லிகையோ இதற்கு எதிர். பகலெல்லாம் மொட்டாக இருந்து அந்திக்குப் பிறகு விரியும். மார்கழி, தையில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை நறுக்கிவிட்ட, செடிகள் இப்போது இளந்தளிர் விட்டு, நுனியில் முதல் மொட்டுகளைக் கட்டுகின்றன. மொட்டை எல்லாரும் வெள்ளையாக வரைகிறார்கள். இந்தப் பருவத்து மொட்டு பச்சையும் வெண்மையும் கலந்தது. ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

முருங்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலை இலையாக வரையத் தொடங்கினால் எத்தனை நாள் ஆனாலும் முடியாது. அதன் இலை மூன்று அடுக்காகக் கிளை பிரிகிறது. முதல் நரம்பு, அதிலிருந்து பிரியும் நரம்பு, அதிலிருந்தும் பிரியும் நரம்பு என்று அந்த அமைப்பை ஓர் ஈர்க்கில் மட்டும் சரியாகக் காட்டிவிட்டு, மற்றவற்றை நிழல் திட்டுகளாக விட்டால் போதும். பார்ப்பவர் கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இந்த மாதத்தில் முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வருகிறது. மற்ற மாதங்களில் மங்கிய மஞ்சளாகவும் நெஞ்சின் நடுவில் ஒரு கருங்கோட்டோடும் இருக்கும் ஆண் ஊதாத் தேன்சிட்டு, கூடு கட்டும் காலம் நெருங்கும்போது முழுதும் கருநீலமாக மின்னத் தொடங்கும். இடையில் சில நாட்கள் பாதி மஞ்சளும் பாதி நீலமுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அந்த நாட்களில் வரைந்து, தேதி எழுதி வைத்த படங்களை மிகவும் மதிக்கிறேன். எங்கள் வீட்டுத் துணிக்கொடியின் நுனியில் பெட்டைச் சிட்டு சென்ற ஆண்டு கூடு கட்டியது. சிலந்தி நூலால் பட்டை, சருகு, கம்பளிப்பூச்சியின் எச்சம் எல்லாவற்றையும் ஒட்டித் தொங்கவிட்டு, வாசலுக்கு மேலே சிறிய தாழ்வாரம் போல ஒரு நீட்சியும் வைத்திருந்தது. பத்தொன்பது நாட்கள் தொடர்ந்து ஒரே இடத்தில் உட்கார்ந்து அந்தக் கூட்டை வரைந்தேன். கிட்டே போகாமல், எப்போதும் அதே நாற்காலியில், அதே நிறச் சேலையில். கூட்டைத் தொடுவதோ, நன்றாகத் தெரிவதற்காக இலைகளை விலக்குவதோ கூடாது. மறைப்பு போனால் காகமும் செம்போத்தும் கண்டுபிடித்துவிடும்.

கரிமூட்டம் | மாசி 13, இரவு 9.05

தாள், பென்சில், வண்ணம் ஆகியவற்றைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நம் கரைக்கு அதிலும் சில தனித் தொல்லைகள் உண்டு.

முதலாவது, தாளின் வெண்மை. திறந்த வெளியில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்யும். அந்தக் கூச்சத்தில் நாம் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் கருமையாகத் தீட்டிவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். நான் தேயிலைச் சாற்றில் நனைத்துக் காய வைத்த தாளையோ, பழுப்பு நிறத் தாளையோ பயன்படுத்துகிறேன். செம்மறியின் வெண்மையைச் சுண்ணக்கட்டியால் மேலே ஏற்றிக் காட்டவும் பழுப்புத் தாள் வசதியானது.

இரண்டாவது, தண்ணீர். நம் ஊர்க் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு இருப்பதை யாவரும் அறிவோம். அந்தத் தண்ணீரில் நீர்வண்ணம் கரைத்தால், காய்ந்த பிறகு வெண்படிவு பூத்து வண்ணம் திட்டுத் திட்டாக நிற்கும். என் படங்கள் பாழானதற்குத் தாளைத்தான் இரண்டு ஆண்டுகள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது குடிப்பதற்கு வாங்கும் தண்ணீரிலிருந்து ஒரு சிறு புட்டி எடுத்துப் போகிறேன். ஈரக்காற்றில் மெல்லிய தாள் நெளிந்துவிடுவதால், வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் தேவைப்படுகிறது. பென்சிலுக்கு அவ்வளவு கனம் வேண்டியதில்லை.

மூன்றாவது, கரி. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பலருக்கு வாழ்வாதாரம். எங்கள் குடும்பத்திலும் அதுவே தொழில். இயல்பாகவே அந்தக் கரியால் வரைய முயன்றேன். அது அடுப்புக்கு ஏற்ற கெட்டியான கரி. தாளைக் கீறுகிறது, சீராகப் படிவதில்லை. ஆகவே பூவரசின் சுண்டுவிரல் கனக் குச்சிகளைப் பட்டை உரித்து, பழைய தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சிறு துளையிட்டு, விறகுத் தணலில் வைத்தேன். துளை வழியே புகை வருவது நின்றதும் எடுத்து, டப்பா முழுதும் ஆறும்வரை திறக்காமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். முதல் இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. மூன்றாம் முறை கிடைத்த குச்சிகள் மென்மையாக, ஆழ்ந்த கறுப்பாகப் படிந்தன. வெள்ளாட்டின் கருமைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. கடற்காற்று எழுவதற்கு முன் வரைந்துவிடுங்கள். நண்பகலுக்குப் பிறகு தூள் பறந்து தாளெல்லாம் அப்பிக்கொள்ளும்.

கீழக்கரைத்தெரு | மாசி 14, காலை 7.30

தொழுவத்துநிழல் ஐயா சொன்ன பிறகு என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். எட்டு ஆடுகளில் ஆறுக்கு முகம் பெருத்துத்தான் இருக்கிறது. இனி நேரில் பத்து நிமிடமாவது கோட்டுருவம் வரைந்துகொண்டு, நிறத்தையும் நுணுக்கத்தையும் சரிபார்க்க மட்டும் படத்தை வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். முண்டு மிளகாய்க் களத்தில் தொடங்கப்போகிறேன். பழம் பறித்துக் காய வைக்கும் காலம் இது. அந்தச் சிவப்பின் மேல் நடந்து போகும் கோழிகளை எப்படியும் பிடித்தாக வேண்டும்.

கூடாப்பு | மாசி 14, இரவு 10.25

இந்த இழையை முதலிலிருந்து படித்து வந்தேன். கிடை போடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். இப்போது ஆசிரியைப் பணியில் இருந்தாலும், என் அண்ணன்மார் இன்னும் ஆடுகளோடுதான் இருக்கிறார்கள். கிடையை வரைய வருகிறவர்களிடம் சிலவற்றை மனம் திறந்து சொல்ல விரும்புகிறேன்.

வயல் உங்களுடையதாகவே இருந்தாலும், கிடை அங்கே இருக்கும்வரை அது கீதாரியின் வீடு. கேட்டுவிட்டு உள்ளே வாருங்கள். விடியலில் ஆட்டை எழுப்பும் நேரமும் அந்தியில் அடைக்கும் நேரமும் எங்களுக்கு வேலை மிகுந்த நேரம். அப்போது குறுக்கே உட்கார வேண்டாம். நாய்கள் உங்களைப் பழகிக்கொள்ள ஒரு நாளாவது ஆகும். முதல் நாள் யாராவது ஒருவரோடு சேர்ந்தே நடமாடுங்கள். பட்டென்று பெரிய தாளை விரித்தால் ஆடுகள் மிரண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். கையடக்கமான புத்தகம் நல்லது.

வருகிறவர்கள் பெரும்பாலும் கிடாய்களின் முறுக்குக் கொம்பைத்தான் வரைகிறார்கள். எங்கள் மந்தையில் இராமநாதபுரம் வெள்ளையும் கீழக்கரிசலும் கலந்திருக்கும். வெள்ளையில் கிடாய்க்குத்தான் கொம்பு, பெட்டைக்குக் கிடையாது. கீழக்கரிசல் செம்பழுப்பு உடலும் கரிய வயிறும் கொண்டது. பலவற்றுக்குத் தொண்டையில் இரண்டு சதைமணிகள் தொங்கும். தொலைவிலிருந்து செம்மறி எது, வெள்ளாடு எது என்று குழம்புகிறவர்கள் வாலைப் பாருங்கள். செம்மறியின் வால் தொங்கும், வெள்ளாட்டின் வால் நிமிர்ந்திருக்கும். முந்நூறு ஆட்டையும் முந்நூறு உருவமாக வரைய வேண்டியதில்லை. வெயில் நேரத்தில் அவை ஒன்றன் வயிற்று நிழலில் மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு ஒரே திரளாக நிற்கும். அந்தத் திரளின் வெளிக்கோட்டை முதலில் போட்டு, ஓரத்தில் நிற்கும் நான்கைந்து முதுகுகளையும் கால்களையும் காட்டினால் மந்தை வந்துவிடும்.

நீங்கள் எதையும் வரையாவிட்டாலும், மாலையில் குட்டிகளை அடைத்து வைக்கும் கூண்டான கூடாப்பைத் திறக்கும் நேரத்தை மட்டும் தள்ளி நின்று பாருங்கள். பகலெல்லாம் அதற்குள் அடைபட்டிருந்த குட்டிகளும் மேய்ச்சலிலிருந்து திரும்பும் தாய்களும் ஒரே நேரத்தில் கத்தும். குட்டி தவறான தாயிடம் முட்டினால் அது உதறித் தள்ளும். தன் குட்டி வந்ததும் தாய் தலையைப் பின்னால் திருப்பி, அதன் வாலடியை முகர்ந்து பார்த்த பிறகே பால் கொடுக்கும். குட்டி முன்னங்கால்களை மடித்து, பின்பகுதியைத் தூக்கி, வாலைச் சுழற்றிக்கொண்டே குடிக்கும். தாயின் கழுத்து பின்னோக்கி வளைந்த அந்த வளைவை யாரும் சரியாக வரைந்து நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

உப்பூர்க்கொல்லை | மாசி 18, இரவு 8.40

கூடாப்பு அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதியதைப் படித்த மறுநாள் கீதாரியிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு, கூடாப்பிலிருந்து இருபதடி தள்ளி வரப்பில் உட்கார்ந்தேன். முதல் மாலை எதுவும் அகப்படவில்லை. தூசியும் சத்தமுமாக எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டாம் மாலை ஒரே ஒரு தாயை மட்டும் தேர்ந்துகொண்டேன். இடது காதில் கிழிசல் இருந்ததால் அதைக் கூட்டத்தில் அடையாளம் காண முடிந்தது. அது வயலுக்குள் இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் நிற்கும் என்பதும் முந்தின நாள் பார்த்ததால் தெரிந்திருந்தது. பூவரசங்கரியால், தலையைத் தொடாமல், தோளிலிருந்து காது வரை வளையும் கோட்டை மட்டும் இழுத்தேன். மூன்றாம் மாலை அதே தாளில், அந்தக் கோட்டின் கீழே குட்டியின் முதுகைச் சேர்த்தேன். வால் சுழல்வதைக் கோடாக வரைய முடியவில்லை. விரலால் சற்றுத் தேய்த்துவிட்டேன், அது போதுமானதாக இருக்கிறது.

தாயின் பின்னங்கால் ஒன்று இன்னும் தாளில் இல்லை. குதிகால் எங்கே வரும் என்று ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன். இன்று விடியற்காலையில் கிடை கிளம்பிவிட்டது. தேவிபட்டினம் செல்லும் வழியில் இரண்டு ஊர் தள்ளி அமர்த்தியிருப்பதாகக் கீதாரி கைப்பேசியில் சொன்னார். வந்து வரைந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். சனிக்கிழமை மாலை போகிறேன். வயலெங்கும் புழுக்கையும் குளம்புத் தடமும் கிடக்கின்றன. காலையில் அங்கே இறங்கிய உண்ணிக்கொக்குகள் இரண்டின் தலையில் செம்பொன் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. நாளை அவற்றைப் பார்க்க வேண்டும்.

கூடாப்பு | மாசி 18, இரவு 9.15

அந்த ஊரில் ஊருணிக் கரையை ஒட்டித்தான் வழக்கமாகக் கிடை இறங்கும். நானும் சனிக்கிழமை அண்ணனைப் பார்க்க அங்கே வருகிறேன். தாளைக் கட்டாயம் கொண்டு வாருங்கள்.